சயாமுக்குப் போன சின்னத் தாத்தா

சிங்கப்பூரில் மகள் வீட்டுக்கு வந்து சேரும் பெற்றோருக்குப் பொழுது நகராது என்று ஊரில் பலர் எச்சரித்தார்கள். எங்களுக்கு அப்படி எந்தச் சிரமமும் இல்லை. இவர் அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றவர். நான் நாகப்பட்டினத்தில் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தியவள். நீண்டகால வருகை அனுமதி கிடைத்தது, ஈசூன் பகுதியில் மகளின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஓர் அறை எங்களுடையதானது, காலையில் பேத்தியைப் பள்ளிக்கு அழைத்துப் போவது இவர் வேலையானது. பழகுவதற்கு இவ்வளவே போதுமானதாக இருந்தது.

நாகூர்க்காரர்களுக்கு இந்த ஊர் முற்றிலும் அந்நியமும் அல்ல. தெலுக் ஆயர் சாலையில் 1828க்கும் 1830க்கும் இடையில் நம் மரைக்காயர்கள் கட்டிய நாகூர் தர்கா இருக்கிறது. சற்றுத் தள்ளி, சீனர்கள் கடல் அன்னைக்கு எழுப்பிய தியான் ஹோக் கெங் கோவில். அந்தச் சாலை அப்போது கடற்கரை. கப்பலில் உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் கரையேறியதும் நன்றி சொல்ல அவரவர் இடத்தைப் பக்கத்துப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஊரிலிருந்து உறவினர் யார் வந்தாலும் இவர் முதலில் அழைத்துப் போவது அங்கேதான்.

எங்கள் தளத்தில் எதிர்வீட்டில் மலாய்க்காரப் பெண்மணி ஒருவர். மகளைப் போலவே நாங்களும் அவரை மக்சிக் (மலாயில் அத்தை, சித்தி போன்ற அழைப்பு) என்றே அழைக்கிறோம். பக்கத்து வீட்டில் தொண்ணூறை நெருங்கும் சீன மூதாட்டி. இந்த அக்கம்பக்கம் தற்செயலாக அமைந்ததல்ல. 1964 ஜூலை 21இல் இங்கே இனக்கலவரம் வெடித்தது. ஒவ்வொரு புளோக்கிலும், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்திலும், எந்த இனத்தவரும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் குவியாதபடி 1989இல் அரசு விதி கொண்டுவந்தது. வீடு விற்கும்போது அது சிலருக்குச் சங்கடம் தருகிறது என்று மகள் சொல்வாள். ஆனாலும் அந்த விதி இல்லையென்றால் எனக்கு அந்த மூதாட்டியின் நட்பு கிடைத்திருக்குமா என்று நினைத்துப் பார்க்கிறேன்.

மாலையில் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்காருவோம். அவர் ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசுவார். எனக்குப் புரியாததை மக்சிக் எளிய ஆங்கிலத்தில் சொல்வார். ஒருநாள் மூதாட்டி தம் தந்தையைப் பற்றிச் சொன்னார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும் ஜப்பானிய ராணுவம் சீன ஆண்களை வரிசையில் நிறுத்திப் பிரித்தது. லாரியில் ஏற்றப்பட்ட அந்தத் தந்தை திரும்பவே இல்லை. பீச் ரோட்டில் நான்கு தூண்களாக உயர்ந்து நிற்கும் போர் நினைவுச்சின்னத்துக்கு மூதாட்டி பல ஆண்டுகள் பிப்ரவரி 15 அன்று தவறாமல் போனாராம்.

நானும் சொன்னேன். என் பாட்டியின் தம்பி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயாவின் பால்மரக் காட்டுக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துக்கு, போனவர். போர் முடிந்து ஊர் திரும்பிய ஒருவர், "சயாமில் ரயில் போட ஆள் பிடித்தார்கள், அவரையும் கொண்டுபோனார்கள்" என்று சொன்னதோடு சரி. பாட்டி சாகும்வரை தம்பிக்குத் திதி கொடுக்கவிடவில்லை. மூதாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் இரண்டு குடும்பத்தையும் ஒரே போர் உடைத்திருந்தது.

அதன்பிறகுதான் நாங்கள், அன்று சயாம் எனப்பட்ட தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போனோம். சயாமையும் பர்மாவையும் இணைத்த ஜப்பானியரின் அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அந்த வேலையில் மடிந்த போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவான கல்லறைகள். புல் சீராக வெட்டப்பட்டிருக்கிறது, பெரும்பாலான கற்களில் பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் உண்டு. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு இளைஞர்கள். அவர்களுக்காகவும் நான் அழுதேன். ஆனால் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் ஆயிரமாயிரமாக மடிந்த நம் தோட்டத் தொழிலாளர்களுக்கு அங்கே பெயர் பொறித்த கல் இல்லை. சிங்கப்பூரின் கிராஞ்சி போர் நினைவகத்தில் கல்லறையே இல்லாத 24,000க்கும் மேற்பட்ட படைவீரர்களின் பெயர்களைச் சுவரில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். படையில் இருந்தவனுக்குப் பதிவேடு இருந்தது. பால்மரம் சீவியவனை யார் எழுதி வைத்தார்கள்?

இவர் இரவில் செய்தி பார்க்கும்போது இப்போதெல்லாம் அமைதியாக இருப்பதில்லை. உக்ரைன், காசா என்று எண்ணிக்கைகள் ஓடுகின்றன. "இவர்களையாவது யாரேனும் பெயரோடு எழுதிவைக்க வேண்டும்" என்கிறார். உலக அமைதி பற்றி எங்களைப் போன்றவர்கள் பேசி என்ன ஆகும் என்று சிலர் கேட்கலாம். எங்களால் செய்ய முடிந்த ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். நாகப்பட்டினம் பக்கம் எங்கள் உறவிலும் தெருவிலும் மலாயாவுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர், தகப்பன் பெயர், ஊர், போன ஆண்டு ஆகியவற்றை முதியவர்களிடம் தொலைபேசியில் கேட்டு ஒரு நோட்டில் எழுதுகிறோம். இவருக்கு முகவரி எழுதிப் பழகிய அழகான கையெழுத்து. முதல் வரியில் சின்னத் தாத்தா ஆறுமுகம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், அவரைத் தெரிந்த கடைசி ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.