செஃபலூ: ஆட்டோ ஏறாதீர்கள், ஒரு ராத்திரியாவது தங்குங்கள்

முதலில் அந்த ஆட்டோக்காரர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு ஆறாது. சிசிலியின் வடக்குக் கரையில் இருக்கும் செஃபலூ ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே ஒருவர் வழிமறித்தார். வண்டி நம்மூர் ஆப்பேயேதான். பியாஜியோ கம்பெனிக்குச் சொந்த நாடு இத்தாலிதானே. பூப்போட்ட சீட், குஞ்சம் வைத்த கூரை என்று ஜோராக இருந்தது. கதீட்ரலுக்கு 20 யூரோ என்றார். பெட்டிகளை அவரே தூக்கி வைத்தார். பழைய ஊரின் முனையில் இறக்கிவிட்டு, "ஆளுக்கு இருபது" என்று கையை நீட்டினார். யூரோ 100 ரூபாயைத் தாண்டி நிற்கிற காலத்தில், நடந்தே கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்துக்கு 4000 ரூபாய்!

அக்கா விடவில்லை. "நீ சும்மா இருடா, நான் பேசுறேன்" என்று முன்னால் வந்தாள். இருபது யூரோ தாளை சீட்டின் மேல் வைத்துவிட்டு, நடுத்தெருவில் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அவர் கத்தினார், இவளும் தமிழிலேயே கத்தினாள். கடைசியில் அந்த 20 யூரோவோடு போய்விட்டார். அதுவே அநியாயம்தான். நிலையத்திலிருந்து பழைய ஊருக்குத் தெரு நேராகப் போகிறது, தயவுசெய்து நடந்து போங்கள்.

வந்த வழி மட்டும் அருமை. சிசிலியின் தலைநகர் பலெர்மோவின் சென்ட்ரல் நிலையத்தில் சாதாரண ரயில் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் செஃபலூ. டிக்கெட்டும் பெரிய காசில்லை. இடது பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள், கடல் அந்தப் பக்கம்தான். காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் பிளாட்ஃபார்ம் பக்கத்து மெஷினில் முத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். போடாமல் ஏறினால் அபராதம் தீட்டிவிடுவார்கள்.

இந்த ஊருக்கு ஏன் போக வேண்டும் என்றால், கதீட்ரலுக்காக. அப்போது சிசிலியை ஆண்ட நார்மன் அரசர் இரண்டாம் ரோஜர் 1131இல் கட்டத் தொடங்கியது. புயலில் சிக்கிய கப்பல் பத்திரமாக இங்கே கரை சேர்ந்ததால் வேண்டுதலை நிறைவேற்றினார் என்று ஊரில் சொல்கிறார்கள். பலெர்மோவின் அரபு-நார்மன் கட்டடங்களோடு சேர்த்து 2015இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. வெளியே பார்த்தால் இரண்டு கோபுரங்களோடு கோட்டை மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே நுழைந்து நடந்தால் கருவறையின் மேல் வளைவு முழுக்கத் தங்கம். 1148இல் முடிந்த மொசைக். கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்திலிருந்து வந்த கலைஞர்கள் கண்ணாடிச் சில்லு சில்லாகப் பதித்தது.

கிறிஸ்துவின் முகத்தை விட்டு எனக்குக் கண் நகரவில்லை. நெற்றியில் இரண்டு முடிக்கற்றைகள் மட்டும் தனியாக விழுந்து கிடக்கின்றன. கையில் விரித்த வேதப் புத்தகத்தில் ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் லத்தீன். இரண்டிலும் ஒரே வசனம், 'நானே உலகத்திற்கு ஒளி'. கிரேக்கம் படிப்பவரும் லத்தீன் படிப்பவரும் ஒரே ஊரில் இருந்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அரசர் தன்னை இங்கேதான் அடக்கம் செய்ய வேண்டும் என்று ஊதா நிறப் பாறையில் கல்பெட்டிகள் செய்து வைத்திருந்தார். நடக்கவில்லை. பேரன் இரண்டாம் ஃபிரெடரிக் அவற்றை பலெர்மோவுக்குக் கொண்டுபோய்விட்டார். தோளும் முழங்காலும் மூடிய உடையில் போங்கள். மத்தியானத்தில் ஊரே கதவடைத்துத் தூங்கும், காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பழைய துணி துவைக்கும் துறை. வளைந்து இறங்கும் கல்படிகள், கீழே வரிசையாகத் தொட்டிகள், துவைக்கச் சாய்வான கற்கள். இரும்பில் வார்த்த சிங்க வாய்களிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த செஃபலீனோ ஆற்று நீர் வெள்ளியைவிடத் தூய்மையானது, பனியைவிடக் குளிர்ந்தது என்று சுவரில் பொறித்திருக்கிறார்கள். கையை வைத்துப் பார்த்தேன், உண்மைதான், விரல் மரத்துவிட்டது. காசு கிடையாது. வெயில் நேரத்தில் உட்கார இதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை.

சாப்பாடு! நல்லதும் கெட்டதும் இரண்டுமே நடந்தது. கடல் பார்த்த ஹோட்டல் ஒன்றில் மீனுக்குப் பக்கத்தில் 7 யூரோ என்று போட்டிருந்தது. அது முழு மீனுக்கு இல்லை, 100 கிராமுக்கு. அக்கா அதைக் கண்டுபிடித்துக் கேட்டபோது பரிமாறுபவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்து வந்துவிட்டோம். மெனுவில் 'எத்தோ' என்று இருந்தால் கணக்கு 100 கிராமுக்கு. மீன் முக்கால் கிலோ இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். 'கொபெர்த்தோ' என்று ஆளுக்கு 2, 3 யூரோ மேசைக்காசும் பில்லில் ஏறும். அது இத்தாலியில் பல இடங்களில் உள்ள வழக்கம், சண்டை போட முடியாது.

இரண்டு சந்து தள்ளி ஒரு சின்னக் கடையில் மத்தி மீன் பாஸ்தா சாப்பிட்டோம். நடுவில் துளையுள்ள தடித்த பாஸ்தா, உதிர்த்த மத்தி, காட்டுச் சோம்புத் தழை, உலர்திராட்சை, பைன் கொட்டை, மேலே வறுத்த ரொட்டித்தூள். மீனில் திராட்சையா என்று யோசிக்காதீர்கள். முதல் வாய்க்கு இனிக்கிறது, அடுத்த வாய்க்கு உப்பும் கடல் வாசனையும் வருகிறது, அப்புறம் தட்டை வழித்துத்தான் வைக்க முடியும். இந்தப் பயணத்தில் இதுதான் எனக்கு முதலிடம். சைவக்காரர்களுக்கும் பயமில்லை. பொரித்த கத்தரிக்காயும் உப்பு ரிக்கோட்டா சீஸும் போட்ட நோர்மா பாஸ்தா இருக்கிறது, புளிப்பும் இனிப்புமான கத்தரிக்காய்க் கூட்டான கப்பொனாத்தா இருக்கிறது. கையில் காசு குறைந்தால் பனெல்லே: கொண்டைக்கடலை மாவைக் கிளறி, ஆறவைத்து, வெட்டிப் பொரித்து எள்ளு ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். பஜ்ஜி சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு உடனே பிடித்துவிடும். காலையில் பாதாம் கிரனீத்தாவும் பிரியோஷும். பன்னின் தலையில் இருக்கும் குமிழைப் பிய்த்து ஐஸில் தோய்த்துச் சாப்பிட வேண்டும்.

மந்திரலிஸ்கா மியூசியத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பெரிய தப்பு. அந்தொனெல்லோ தா மெசினா 15ஆம் நூற்றாண்டில் வரைந்த ஓர் ஆளின் படம் இங்கே இருக்கிறது. ஓரடி உயரம்தான், அந்தச் சிரிப்பு உங்களைப் பற்றி ஏதோ தெரிந்து வைத்திருக்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது ஒரு பானை. கிறிஸ்துவுக்கு 4 நூற்றாண்டுகள் முந்தியது. டுனா வெட்டும் மீன்காரர் கத்தியோடு நிற்கிறார், எதிரே வாங்க வந்தவர் காசைக் காட்டி நிற்கிறார். "பாருடா, அப்பவே பேரம்" என்றாள் அக்கா.

ஊருக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் பாறை, லா ரோக்கா, 270 மீட்டர். நுழைவுக் கட்டணம் உண்டு. நல்ல ஷூவும் தண்ணீரும் இல்லாமல் ஏறாதீர்கள், கல் வழுக்கும். பாதியில் டயானா கோயில் என்று பெரும்பாறைகளை அடுக்கிய பழங்காலக் கட்டடம். உச்சியில் கோட்டை இடிபாடு. அங்கிருந்து பார்த்தால் கதீட்ரலின் இரண்டு கோபுரமும், ஓட்டுக் கூரைகளும், அரைவட்டமாக வளையும் மணலும் ஒரே பார்வையில் வருகின்றன. செப்டம்பரிலும் வெயில் மண்டையைப் பிளந்தது, விடிந்ததுமே கிளம்பிவிடுங்கள்.

கடற்கரையில் குடையும் இரண்டு படுக்கையும் 25 யூரோ என்றார்கள். கொடுக்க வேண்டாம். பொதுக் கரை ஒரு பகுதி இருக்கிறது, அதே மணல், அதே தண்ணீர். துண்டை விரித்துப் படுங்கள். ஆழம் மெதுவாகத்தான் கூடுகிறது, நீச்சல் தெரியாத அக்காவே கழுத்தளவுக்கு இறங்கிவிட்டாள்.

பலெர்மோவிலிருந்து காலையில் வந்து மாலை ரயிலில் திரும்பும் கூட்டம்தான் இங்கே அதிகம். அவர்கள் போன பிறகுதான் ஊர் வெளியே வருகிறது. சதுக்கத்தில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், பாட்டிகள் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். பழைய ஊருக்குள் அறை வாடகை கையைக் கடிக்கும். நிலையத்தின் அந்தப் பக்கம் தேடினால் கட்டுப்படியாகும்.

எயோலியத் தீவுகளுக்குப் படகுச் சுற்றுலா இருக்கிறதே என்று கேட்டுப் பார்த்தோம். எங்கள் பட்ஜெட்டுக்கு அது எட்டவில்லை. அந்தக் காசில் இன்னொரு ராத்திரி தங்கி, இன்னொரு தட்டு மத்தி பாஸ்தா சாப்பிட்டோம்.