திருவுளச்சீட்டும் பிளாஸ்மாவும்

2020ஆம் ஆண்டில் மும்பையின் ஒரு தனியார் மருத்துவமனையில், குணமடைந்தவர்களின் பிளாஸ்மாவை, அதாவது இரத்தத்தின் திரவப் பகுதியை, கோவிட் நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்க்கும் ஆய்வுக்கு நான் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். தாராவியிலிருந்து வந்தவர்களில் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களும் இருந்ததால், தமிழ்க் குடும்பங்களிடம் ஒப்புதல் பெறும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையோடு பிளாஸ்மாவும் தருவோம், மற்றதற்கு வழக்கமான சிகிச்சை மட்டுமே, யார் எந்தப் பிரிவு என்பதை மருத்துவரல்ல, கணினி தந்த எண் வரிசையே முடிவு செய்யும் என்று கைப்பேசியில் விளக்கி முடித்தபோது ஓர் அம்மா கேட்டார்: "ஏன் தம்பி, திருவுளச்சீட்டு போட்டா மருந்து குடுப்பீக?"

மருத்துவர் தேர்ந்தெடுத்தால் பிழைக்கக்கூடியவர் என்று தோன்றுபவருக்கே கொடுத்துவிடக்கூடும், பிறகு பிழைக்க வைத்தது பிளாஸ்மாவா, அந்தத் தேர்வா என்று பிரித்தறிய முடியாது என்பதுதான் நான் படித்த விடை. "அது பலன் தருமான்னு எங்களுக்கே இன்னும் தெரியாதும்மா" என்று மட்டும் சொன்னேன். அவர் சம்மதித்தார், கணவர் பிளாஸ்மா இல்லாத பிரிவில் விழுந்தார். மறுநாளே மகன்கள் வெளியில் பிளாஸ்மாவுக்கு ஏற்பாடு செய்துவிட்டார்கள். மத்திய சுகாதார அமைச்சகத்தின் ஜூன் மாத வழிகாட்டுதலில் ஆய்வு நிலைச் சிகிச்சையாக அது இடம்பெற்றிருந்தது; அவர்களை எப்படிக் குறை சொல்வது?

பணத்தின் கதை வேறு. பிளாஸ்மாவுக்குக் காப்புரிமையும் இல்லை, லாபம் எதிர்பார்த்துச் செலவழிக்கும் மருந்து நிறுவனமும் இல்லை. ஓர் அறக்கட்டளை கொடுத்த தொகை பிளாஸ்மா சேகரிப்புக்கான பைகளுக்கும் பரிசோதனைகளுக்கும் போனது. மருத்துவ ஆய்வுகளுக்கான 2019ஆம் ஆண்டின் விதிகளின்படி ஆய்வினால் பாதிக்கப்படுவோருக்கு இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டியிருப்பதால் காப்பீட்டுக்கும் ஒரு பங்கு ஒதுங்கியது. 28 நாள் கழித்து நோயாளியைத் தேடிப்பிடித்துப் பதிவு செய்யும் ஆளுக்குச் சம்பளம் என்ற வரி அந்த வரவு செலவுத் திட்டத்திலேயே இல்லை. பணம் கொடுப்பவருக்குப் பை தெரியும், பதிவேடு தெரியாது.

அதே மாதங்களில் பிரிட்டனில் அரசுப் பணத்தில் நடந்த ரெக்கவரி ஆய்வு, பல மருந்துகளை ஒரே திட்டத்துக்குள் வைத்து, நோயாளியைப் பற்றிக் கேட்கும் விவரங்களை மிகவும் குறைத்துக்கொண்டு, மலிவான ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெத்தசோன் செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைப்பதை ஜூன் மாதத்திலேயே காட்டிவிட்டது. எங்கள் படிவமோ பக்கம் பக்கமாக நீண்டது. பாதியை யாரும் பிறகு திறந்து பார்க்கவில்லை. இந்தியாவிலும் நல்ல முன்மாதிரி இருந்தது: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில் 39 மருத்துவமனைகள் சேர்ந்து 464 நோயாளிகளிடம் நடத்திய பிளாசிட் ஆய்வு. நோய் தீவிரமானவர்கள் அல்லது இறந்தவர்கள் பிளாஸ்மா பெற்ற பிரிவில் 19 சதவீதம், பெறாத பிரிவில் 18 சதவீதம். எங்களைப் போலத் தனித்தனியே சிறு ஆய்வு தொடங்கியவர்கள் அதைப் போன்ற ஒன்றில் இணைந்திருக்கலாம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அக்டோபரில் பிளாசிட் முடிவு ஆய்விதழில் வெளியானபோது எங்கள் ஆய்வில் இலக்கின் பாதிகூடச் சேர்ந்திருக்கவில்லை. முடிவறிக்கையில் நிறுத்தியதற்கான காரணம் என்ற கட்டத்தில் "நிதி தீர்ந்தது" என்று எழுதினேன். தலைமை மருத்துவர் அதை அடித்துவிட்டு, "போதிய நோயாளிகள் சேரவில்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டார்.