நோட்டீஸில் இல்லாத வரி

கொரோனா காலத்தில் என் வேலை இதுதான்: நோயாளியுடன் தொடர்பில் இருந்தவர்களின் வீட்டுக்குப் போய், 14 நாள் வெளியே வரக்கூடாது என்ற நோட்டீஸைக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும், கதவில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சுகாதாரப் பணியில் பழையவன்தான் என்றாலும், ஒருவரை வீட்டைவிட்டு வெளியே வராதே என்று சொல்லும் அதிகாரம் ஒரு தாளாக என் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. உண்மையைச் சொன்னால், முதல் வாரம் அது கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

இரண்டாவது வாரம் ஒரு கட்டடத் தொழிலாளி. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. கூட வேலை பார்த்தவருக்குத்தான் நோய். நோட்டீஸை இரண்டு தடவை படித்தார். "வெளியே வந்தா என்ன தண்டனைன்னு போட்டிருக்கு சார். உள்ளே இருந்தா 14 நாள் கூலிக்கு என்ன வழின்னு எங்கே போட்டிருக்கு?" சண்டைக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே அந்த வரியைத் தேடினார். நானும் தாளை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன், ஏதோ அங்கே இருக்கப்போவது போல.

பயிற்சி வகுப்பில் மேரி மலோன் கதை சொல்லியிருந்தார்கள். நியூயார்க்கில் சமையல்காரி. உடம்பில் டைபாய்டு கிருமி, ஆனால் நோயின் அடையாளமே கிடையாது. 1907இல் பிடித்து ஒரு தீவில் வைத்தார்கள். இனிச் சமைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்ததும் 1910இல் விட்டார்கள். 1915இல் பெயரை மாற்றிக்கொண்டு ஒரு மகப்பேறு மருத்துவமனையில் சமைத்தபோது மறுபடி அகப்பட்டார். அங்கே 25 பேருக்கு டைபாய்டு, இரண்டு பேர் இறந்தார்கள். அப்புறம் 1938இல் சாகும்வரை தீவுதான்.

வகுப்பில் இது ஒரு பிடிவாதக்காரியின் கதை. அந்த வாசலில் நின்றபோதுதான் நடுவிலிருந்த ஐந்து வருடம் எனக்கு உறைத்தது. சமையலை விட்டவருக்குக் கிடைத்தது சலவை வேலை, சம்பளமும் குறைவு. அவர் செய்தது சரியென்று சொல்லவில்லை. ஆனால் ஒருவரின் பிழைப்பை ஊருக்காக நிறுத்திவிட்டு, அந்தச் செலவை அவர் தலையிலேயே கட்டினால் வாக்கு எத்தனை நாள் நிற்கும்?

என் மேலதிகாரிக்கு 1905ஆம் வருட ஜேக்கப்சன் வழக்கு மனப்பாடம். பெரியம்மைத் தடுப்பூசியை மறுத்தவருக்குப் போட்ட 5 டாலர் அபராதம் செல்லும் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். "பொதுநலம்னு வந்தா தனி உரிமை அப்புறம்தான்" என்பார். அதே தீர்ப்பு, பாதுகாப்புக்குத் தேவையான அளவைத் தாண்டிப்போனால் நீதிமன்றம் தலையிடும் என்றும் சொல்லியிருப்பதை ஒருநாள் எடுத்துக் காட்டினேன். சரி, முதலில் லிஸ்டை முடி என்றார்.

லிஸ்ட் நியாயமானதுதான். அந்த 14 நாளை இன்றும் நான் தவறென்று நினைக்கவில்லை. கிருமி அறிகுறிக்காகக் காத்திருப்பதில்லை. ஆனால் அதற்குப் பிறகு நோட்டீஸின் ஓரத்தில் பேனாவால் எழுத ஆரம்பித்தேன்: 'தினக்கூலி, ஐந்து பேர், உதவி தேவை.' சில வீடுகளுக்கு மூன்றாம் நாள் உதவி போனது. சில வீடுகளுக்குப் போகவே இல்லை.

ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி உத்தரவு இருந்தது, எடுக்கச் சொல்லி யாருக்கும் இல்லை. 17ஆம் நாள் அந்தக் கட்டடத் தொழிலாளியின் தெரு வழியாகப் போனேன். இன்னும் கதவில் இருந்தது. "நானே கிழிச்சா கேஸ் ஆயிடுமா சார்?" என்றார். நகத்தால் சுரண்டி எடுத்தேன். பாதி பசை கதவிலேயே தங்கிவிட்டது.