மூன்று மாவட்டப் பெயர்களும் ஒரு விஞ்ஞானி வேலையும்

இயற்பியல் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடங்களில் விஞ்ஞானி 'பி' என்ற தொடக்க நிலை விஞ்ஞானிப் பணிக்கு முயலும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அதற்கு முதல் படியான கேட் (GATE) என்ற தேசியத் தகுதித் தேர்வைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். தேர்வான பிறகு, நம் பின்னணியை விசாரிப்பதற்காக வரும் சரிபார்ப்புப் படிவத்தைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அந்த ஆற்றாமை இன்னும் அடங்கவில்லை.

கேட் மதிப்பெண் கைகொடுத்தது, டெல்லியிலிருந்து நேர்முக அழைப்பும் வந்தது. அங்கே என் ஊரை வைத்தே கேட்டார்கள். "மே மாதம், வேலூர்க் கோட்டைச் சுவருக்கு முன்னால் ஒருவர் நிற்கிறார். வெப்பப் படக்கருவியில் அவர் எப்போது தெரியாமல் போவார்?" அந்தச் சுவரை ஒட்டிச் சாயங்காலம் நடந்தவர்களுக்கு விடை உடம்பிலேயே இருக்கும். பகலெல்லாம் வெயில் குடித்த கருங்கல், இருட்டிய பிறகும் அனல் வீசும். கருவி பார்ப்பது வெளிச்சத்தை அல்ல, வெப்ப வேறுபாட்டை. நம் உடம்பும் சுற்றியுள்ள பொருள்களும் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தை ஒட்டித்தான் அதிகமாகக் கதிர்வீசுகின்றன. அதனால் 8 முதல் 12 மைக்ரான் வரை பார்க்கும்படி கருவிகளை அமைக்கிறார்கள். கல் ஆறிக்கொண்டே வந்து தோலின் வெப்பநிலையைத் தொடும் நேரத்தில் ஆளும் சுவரும் ஒன்றாகிவிடும். காலையில் கல் சூடேறும்போது மறுபடியும் அதே நிலை வரும். இதைச் சொன்னதும், இந்தக் கருவிகளில் கண்ணாடிக்குப் பதிலாக வைக்கும் ஜெர்மானியம் லென்சுக்குத் தாவினார்கள். கடும் வெயிலில் அதன் ஒளிவிலகல் எண் மாறிக் குவியம் நகர்ந்துவிடும், அதை ஈடுகட்டும்படி வடிவமைக்க வேண்டும் என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு புன்னகை தெரிந்தது. அந்த நிறைவோடு ரயில் ஏறினேன்.

மருத்துவப் பரிசோதனை சுலபமாக முடிந்தது. பிறகுதான் படிவம் வந்தது.

பிறந்த இடம், மாவட்டம், கடந்த ஐந்து ஆண்டுகளில் ஓராண்டுக்கு மேல் தங்கிய ஊர்கள் எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். நான் பிறந்தது வேலூரில், வீடு வாலாஜாபேட்டைக்குப் பக்கத்தில். 1989-இல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது எங்கள் பகுதி வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது. என் பிறப்புச் சான்றில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. பிறகு அதுவே வேலூர் மாவட்டமானது. பள்ளிச் சான்றிதழ்களில் வேலூர். 2019-இல் வேலூரும் மூன்றாகப் பிரிந்தது. ஆதாரில் இப்போது ராணிப்பேட்டை. நான் ஒரே வீட்டில்தான் வளர்ந்தேன்.

படிவத்தோடு வைக்க வேண்டிய நன்னடத்தைச் சான்றுக்கு மேலொப்பம் (அதிகாரி உறுதிசெய்து இடும் கையெழுத்து) வாங்கப் போன அலுவலகத்தில், பிறப்புச் சான்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்த எழுத்தர், "இந்தப் பெயரில் மாவட்டமே கிடையாதே" என்றார். வேலூரில் கேட்கச் சொன்னார். வேலூரில் இருந்தவரோ தாலுகா பெயரைப் பார்த்ததும் தாளை என் பக்கம் தள்ளிவிட்டார். "வாலாஜா இப்போது எங்களிடம் இல்லை அம்மா." இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். ஆனால் பணியில் சேர வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. மாவட்டம் பிரிந்தது என் குற்றமா? அன்று பேருந்து நிலையத்தில் அழாத குறையாக உட்கார்ந்திருந்தேன்.

வழி காட்டியவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். "மாவட்டம் பிரித்த அரசாணையின் நகலை மனுவோடு வை. பழைய பெயரும் புதுப் பெயரும் ஒரே இடத்தைத்தான் குறிக்கின்றன என்று வட்டாட்சியரிடம் எழுத்தில் கேள்" என்றார். அப்படியே செய்தேன். அங்கே ஒரு துணை வட்டாட்சியர் அம்மா அரசாணையை வரி விடாமல் படித்தார். என்னை உட்காரச் சொல்லி, அன்றே சான்றைத் தயார் செய்யச் சொன்னார். அவரை நான் மறக்க மாட்டேன். அந்த ஒரு தாளைப் பார்த்ததும் மேலொப்பமும் கிடைத்துவிட்டது.

இப்போது மின்ஒளியியல் உணரிகளில், அதாவது ஒளியையும் வெப்பக் கதிரையும் மின்சைகையாக மாற்றும் கருவிகளில் வேலை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதக் கூடாது. முதல் வாரத்தில் ஒரு ஜெர்மானியம் லென்சைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பளபளக்கும் சாம்பல் நிற உலோகம் போல இருந்தது, கண்ணுக்கு மறுபக்கம் ஒன்றுமே தெரியவில்லை. வெப்பக் கதிருக்கு அதுதான் சன்னல்.

இனி வருபவர்கள் நேர்முகம் முடிந்த கையோடு காரியத்தைத் தொடங்கிவிடுங்கள், பணி ஆணைக்காகக் காத்திருக்க வேண்டாம். படிவத்தில் 'ராணிப்பேட்டை (முன்னர் வேலூர்)' என்று இரண்டு பெயரையும் எழுதுங்கள். விடுதியில் ஓராண்டுக்கு மேல் தங்கியிருந்தால் அந்த முகவரியை விட்டுவிடாதீர்கள், அந்த ஊரிலும் விசாரிப்பார்கள். விடுதிக் காப்பாளருக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். உங்களைப் பற்றி விசாரிக்கத் தனிப்பிரிவுக் காவலர் வரும்போது வீட்டில் பெரியவர்கள் யாராவது இருக்கட்டும், அசல் சான்றிதழ்கள் அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களும் அரசாணை நகலை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய தாள்களிலும் வேலூர் என்றுதான் இருக்கும்.