தம்பிக்குத் தனி வக்காலத்து

என் தம்பி ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். மோசடி வழக்கு வந்தபோது குற்றம் சாட்டப்பட்டவர்கள் வரிசையில் முதலாளி ஏ1, மேலாளர் ஏ2, தம்பி ஏ3. "எல்லாரையும் நம்ம வக்கீலே பார்த்துப்பார், ஃபீஸ் என் பொறுப்பு" என்றார் முதலாளி. அந்த நேரத்தில் அது பெரிய உதவியாகத்தான் பட்டது.

தம்பி ஜாமீனில் வந்த பிறகு, முதலாளிக்காகப் போட்ட ஜாமீன் மனுவின் நகல் கையில் கிடைத்தது. அதில் ஒரு வரி: "அன்றாடக் கணக்குகளை ஊழியர்களே கவனித்து வந்தனர், மனுதாரருக்கு அவற்றில் தொடர்பில்லை." கீழே எங்கள் வக்கீலின் கையெழுத்து. முதலாளி சொல்லித்தான் வவுச்சர்களில் கையெழுத்துப் போட்டேன் என்பது தம்பியின் பதில். இரண்டையும் ஒரே வக்கீல் எப்படி வாதாடுவார்?

அவரிடமே கேட்டேன். "ஒண்ணா நின்னாத்தான் கேஸ் உடையும்" என்றார். எல்லாருக்கும் பதில் ஒன்றாக இருக்கும் வழக்குகளில் அது சரிதான். இங்கே ஒருவர் தப்பிக்கும் வழியே இன்னொருவர் தலையில் விடிகிறது. நாளைக்குத் தம்பி அப்ரூவர் ஆகலாமா, அதாவது மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியாக மாறலாமா என்ற பேச்சு வந்தால், ஏ1-இடம் ஃபீஸ் வாங்கியவர் அவனுக்கு மனம் திறந்து ஆலோசனை சொல்வாரா? அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

வேறொரு வக்கீலைப் பார்க்கப் போனோம். நான் கதையை ஆரம்பித்ததும் கை காட்டி நிறுத்தினார். "முதல்ல பேருங்க மட்டும் சொல்லுங்க." புகார்தாரர், குற்றம் சாட்டப்பட்ட மூவர், நிறுவனத்தின் பெயர் எல்லாவற்றையும் தன் பழைய பதிவேட்டில் ஒவ்வொன்றாகத் தேடினார். அவர்களில் யாருக்காகவும் ஆஜரானதில்லை என்று உறுதியான பிறகுதான் "இப்ப சொல்லுங்க" என்றார். அடுத்த கேள்வி, "ஃபீஸ் யார் தர்றது?" நாங்கள்தான் என்றேன். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

வக்கீலை மாற்றுவது நான் பயந்த அளவுக்குச் சிக்கலாக இல்லை. ஏற்கெனவே ஒருவர் வக்காலத்து (கட்சிக்காரருக்காக ஆஜராகும் அதிகாரப் பத்திரம்) போட்டிருந்தால் அவருடைய சம்மதத்தோடுதான் இன்னொருவர் ஆஜராக வேண்டும் என்பது இந்திய பார் கவுன்சில் விதி. சம்மதம் தராவிட்டால் காரணத்தைச் சொல்லி நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். பழைய வக்கீல் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டார், ஆனால் "ஃபீஸ் பாக்கி தீரட்டும், கேஸ் கட்டு தர்றேன்" என்று இழுத்தார். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே ஆர்.டி. சக்சேனா வழக்கில் சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினோம். அப்புறம் கட்டு வந்தது.

கடிதத்தில் புது வக்கீல் இன்னொரு பத்தியும் சேர்த்திருந்தார். தம்பி பழைய வக்கீலின் அறையில் நம்பிச் சொன்னதை அவன் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது, வக்காலத்து முடிந்த பிறகும் அந்தக் கடமை தொடரும், பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 132 (பழைய சாட்சியச் சட்டத்தில் 126) என்று. எனக்கு இதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எந்த வவுச்சர், எந்தத் தேதி, யார் பக்கத்தில் நின்றார்கள் என்று முதல் வாரத்திலேயே தம்பி ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டான். அதையெல்லாம் கேட்டவர் இன்னும் ஏ1-க்கு ஆஜராகிறார்.

அடுத்த வாய்தாவில் ஏ3 என்று கூப்பிட்டதும் புது வக்கீல் எழுந்தார். தம்பி முதலாளி பக்கம் திரும்பவில்லை, புது வக்கீலையே பார்த்துக்கொண்டு நின்றான்.