லேப்டாப் வாங்குறதுக்கு முன்னாடி உங்க கேமரா ஃபைலைத் திறந்து பாருங்க

வீடியோ எடிட்டிங்குக்கு எந்த லேப்டாப் வாங்கலாம்னு யாராவது கேட்டா இப்பல்லாம் நான் முதல்ல திருப்பிக் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், எதுல ஷூட் பண்றீங்க? பட்ஜெட், பிராண்டு எல்லாம் அப்புறம்.

ஏன்னா என் ஃப்ரெண்டு ஒருத்தன் ஆசை ஆசையா ஒரு லேப்டாப் வாங்குனான், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ரேம், புது ப்ராசஸர், குறை சொல்ல ஒண்ணுமே இல்ல. ஆனா மிரர்லெஸ் கேமரால எடுத்த 4கே ஃபுட்டேஜை எடிட்டிங் சாஃப்ட்வேரோட டைம்லைன்ல போட்டா ரெண்டு செகண்ட் ஓடும், அப்படியே நின்னுடும். அவன் போன்ல எடுத்த 4கே கிளிப் மட்டும் அதே லேப்டாப்ல சும்மா வழுக்கிட்டு ஓடுது. உக்காந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாத்தோம், சிபியு 100 சதவீதத்துல நிக்குது, ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் சிப் பக்கத்துல 'வீடியோ டிகோட்'னு (சுருக்கி வச்ச வீடியோவைப் பிரிக்கிற வேலை) ஒரு கிராஃப் இருக்கும்ல, அது ஜீரோல கிடக்கு. அப்புறம்தான் வீடியோ ஃபைலோட விவரத்தைக் காட்டுற மீடியாஇன்ஃபோங்கற சாஃப்ட்வேர்ல ஃபைலைப் போட்டுப் பாத்தோம், ஹெச்.265 (வீடியோவைச் சுருக்குற முறை), 10 பிட் (நிறத்தை எவ்வளவு நுணுக்கமா பதியுதுங்கறது), 4:2:2 (எவ்வளவு நிற விவரத்தை வச்சுக்குதுங்கறது). போன் கிளிப் 4:2:0, அதாவது நிற விவரம் அதுல பாதிதான். வித்தியாசம் அவ்வளவுதான்.

விஷயம் என்னன்னா ஹெச்.264, ஹெச்.265 ரெண்டுமே பெரும்பாலும் ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுசா சேமிக்காது, பக்கத்து ஃப்ரேமுக்கும் இதுக்கும் என்ன மாறுச்சுங்கறதை மட்டும்தான் எழுதி வைக்கும். நேரா ஓட்டிப் பாக்க அது போதும், ஆனா எடிட் பண்றப்ப நாம அங்க இங்க தாவிக்கிட்டே இருப்போம், ஒரு ஃப்ரேமைக் காட்டணும்னா கூட அதுக்கு முன்னாடி இருக்குற பல ஃப்ரேமைப் பிரிச்சாகணும். இந்த வேலைக்குன்னே சிப்புக்குள்ள தனியா ஒரு பகுதி இருக்கு, அதுக்கு உங்க ஃபார்மட் தெரியலைன்னா மொத்த பாரமும் சிபியு தலைல விழும். 4:2:2 10 பிட் ஹெச்.265 எடுக்குறவங்க இன்டெல்ல 11வது தலைமுறையோ அதுக்கு மேலயோ இன்பில்ட் கிராபிக்ஸோட இருக்குறதையோ, ஆப்பிள் எம்1ஐயோ அதுக்கு அப்புறம் வந்ததையோ, என்விடியால ஆர்டிஎக்ஸ் 50 சீரிஸையோ பாருங்க. போன்லயே எடுக்குறீங்கன்னா இந்தக் கவலை பெருசா வேண்டாம்.

ஏற்கனவே வாங்கியாச்சா, மனசு உடைஞ்சு போக வேண்டாம், ப்ராக்ஸி, அதாவது எடிட் பண்றதுக்கு மட்டும் லேசான ஒரு நகல் போடுங்க. ப்ரோரெஸ் இல்லன்னா டிஎன்எக்ஸ்ஹெச்ஆர்ங்கற ஃபார்மட்ல பாதி ரெசல்யூஷன்ல போட்டா போதும், அதுல ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியா முழுசா நிக்கும், அதனால பழைய லேப்டாப்ல கூட தாராளமா ஓடும். என் ஃப்ரெண்டு இப்ப அப்படித்தான் ஓட்டிட்டு இருக்கான்.

கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லன்னு சொல்லல. கலர் கிரேடிங் (நிறத்தைச் சரி பண்ணி அழகாக்குறது), நாய்ஸ் ரிடக்ஷன் (படத்துல இருக்குற புள்ளிகளைக் குறைக்குறது) பண்றவங்களுக்கு, அதுலயும் டாவின்சி ரிசால்வ்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல, அதுதான் உயிர். ஆனா பேரை மட்டும் பாத்து வாங்காதீங்க, ஆர்டிஎக்ஸ் 4060னு ஒரே பேர்ல கார்டுக்கு 35 வாட்லேர்ந்து 115 வாட் வரைக்கும் மின்சாரம் குடுக்குற லேப்டாப் இருக்கு, மெலிசான மாடல்ல கம்மி வாட் குடுத்திருப்பாங்க, வேகமும் அதுக்கேத்த மாதிரிதான். ஸ்பெக் ஷீட்ல வாட் எவ்வளவுன்னு தேடிப் பிடிச்சுப் பாருங்க.

ரேம் 16 ஜிபி ஆரம்பத்துக்கு ஓகே, 4கேன்னா 32. போர்டோட சாலிடர் பண்ணியிருந்தா பின்னாடி ஏத்த முடியாது, அதை மட்டும் கேட்டுக்கோங்க. ஸ்டோரேஜுக்கு கணக்கு போட்டுக்கோங்க, செகண்டுக்கு 100 மெகாபிட்ல எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும், அதனால 512 ஜிபி எஸ்எஸ்டி எல்லாம் சீக்கிரமே ரொம்பிடும்.

ஸ்கிரீனை மட்டும் தயவுசெஞ்சு அலட்சியம் பண்ணாதீங்க. 45 சதவீதம் என்டிஎஸ்சினு (ஸ்கிரீன் எவ்வளவு நிறம் காட்டும்னு சொல்ற ஒரு அளவு) போட்டிருந்தா, எஸ்ஆர்ஜிபில (இணையத்துல பொதுவா பயன்படுற நிற வரம்பு) கிட்டத்தட்ட 60 சொச்சம் சதவீதம்தான் காட்டும், சிவப்பு மங்கலா தெரியுதேன்னு நீங்க சாச்சுரேஷன், அதாவது நிறத்தோட அடர்த்தியை ஏத்துவீங்க, அடுத்தவங்க போன்ல பாத்தா முகமெல்லாம் செக்கச்செவேல்னு இருக்கும். எஸ்ஆர்ஜிபி 100 சதவீதம் இருக்கணும், அதுல விட்டுக்குடுக்காதீங்க.

வாங்கப் போற மாடல் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது இருந்தா உங்க கேமராலேர்ந்து ஒரு கிளிப்பை எடுத்துட்டுப் போய் டைம்லைன்ல போட்டு ஜே பட்டனை அமுக்கி பின்னோக்கி ஓட்டிப் பாருங்க, முன்னாடி ஓட்டுறதை விட அதுதான் கஷ்டமான வேலை, அதுல திக்காம ஓடுச்சுன்னா தைரியமா வாங்கலாம்.