மார்ச் மாத டிரௌட்டுக்கு எந்தப் பூச்சி? நேர்காணலுக்கு நான் படித்த விதம்

எம்.எஸ்சி. விலங்கியலில் மீன்வளம் என் விருப்பப் பாடம். வீடு புதுச்சேரியில், ஊசுட்டேரிப் பக்கம். கொடுவா, மடவை, கெளுத்தி பற்றிக் கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். டிரௌட் போன்ற குளிர்நீர் மீன்கள் மட்டும் மனதில் ஒட்டவே இல்லை. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர், "டிரௌட் என்ன சாப்பிடும்?" என்றார். "நீர்வாழ் பூச்சிகள் சார்" என்றேன். "எந்தப் பூச்சி? எந்த மாதத்தில்? பூச்சியின் எந்தப் பருவத்தை?" என்று அடுக்கினார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

அடுத்ததாக ஆராய்ச்சி உதவியாளர் வேலைக்கான நேர்காணல் வந்தது. இந்த முறை என் சீனியர் அக்கா ஒருவரிடம் போனேன். இமாச்சலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்துப் பாட்லிகூல் டிரௌட் பண்ணையில் பயிற்சி பெற்று வந்தவர். அவர் ஒரு தகர டப்பாவைத் திறந்து காட்டினார். தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சிகள் இருபதுக்கு மேல் இருந்தன. தூண்டில்காரர்கள் இவற்றை ஃப்ளை என்பார்கள்.

"மார்ச் முதல் வாரம், தீர்த்தன் ஆறு. காலை எட்டு மணி, தண்ணி அஞ்சு டிகிரி. இதுல எதை எடுப்ப தம்பி?"

இறகெல்லாம் விரிந்து, பார்க்க அழகாக இருந்த ஒன்றை எடுத்தேன். அது நீர்மேல் மிதக்கிற வகை.

"அந்தக் குளிர்ல மீன் அதுக்காக மேல வராது. ஏன்னு யோசி."

அந்த 'ஏன்'தான் எனக்கு மொத்தப் பாடத்தையும் திறந்து கொடுத்தது. நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

மீன் குளிர் ரத்தப் பிராணி. ஐந்து டிகிரியில் செரிமானம் மெதுவாக நடக்கும். இரையைத் துரத்தச் செலவாகும் சக்தி இரையிலிருந்து திரும்பக் கிடைக்காது. அதனால் டிரௌட் வேகமான நீரை விட்டு விலகி, ஆழத்தில், தரையை ஒட்டி நிற்கும். மூக்குக்கு நேரே வருவதைத்தான் வாங்கும். அப்படியானால் தரையில் உருண்டு வரும் பூச்சி எது? குளிர்காலம் முழுவதும் கல்லுக்கடியில் இருந்து வளர்ந்த இளம்பருவங்கள். அவற்றில் பல மார்ச்சில் முழு வளர்ச்சி அடைந்து, சிறகு முளைக்கக் காத்திருக்கும். எனவே காலையில் எடுக்க வேண்டியது எடை ஏற்றிய, மங்கல் பழுப்பு நிறப் பொய்ப்பூச்சி. இங்கிலாந்தில் ஏவன் ஆற்றுக் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் பொய்ப்பூச்சியை நூலுக்குப் பதில் மெல்லிய செப்புக் கம்பியால் கட்டியது இதற்காகத்தான். கம்பியின் எடையில் அது அடிக்குப் போகும்.

இப்போது ஸ்பாட்டரில், அதாவது மாதிரியைப் பார்த்து அடையாளம் சொல்லும் செய்முறைத் தேர்வில், வரும் வேறுபாடுகளை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஸ்டோன்ஃப்ளை, மேஃப்ளை, கேடிஸ்ஃப்ளை மூன்றும் இளம்பருவத்தில் நீரில் வாழும் உண்மையான பூச்சிகள். ஸ்டோன்ஃப்ளை இளம்பருவத்துக்கு இரண்டு வால், காலுக்கு இரண்டு நகம். மேஃப்ளைக்குப் பெரும்பாலும் மூன்று வால், சிலவற்றுக்கு இரண்டு. காலுக்கு ஒரே நகம், செவுள் வயிற்றின் பக்கங்களில். ஆகவே வாலை மட்டும் எண்ணி முடிவு செய்யாதீர்கள், நகத்தையும் செவுளையும் பாருங்கள். கேடிஸ்ஃப்ளை புழுவுக்கு அந்த வால் இல்லை, உடலின் நுனியில் கொக்கி இருக்கும். பல வகைகள் மணலாலும் குச்சியாலும் கூடு கட்டிக்கொள்ளும். பொய்ப்பூச்சி கட்டுகிறவர் இவற்றையெல்லாம் கவனித்துத்தான் கட்டுகிறார். டப்பாவைப் பத்து நிமிடம் கையில் வைத்திருந்தபோது, மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே எனக்கு இல்லாமல் போனது.

மதியத்தில் கதை மாறும். பதினொன்றிலிருந்து மூன்று மணி வரைதான் வசந்தத் தொடக்கத்தில் ஆறு கொஞ்சம் வெதுவெதுப்பாகும். மேகம் மூடிய நாள் என்றால் பீட்டிஸ் என்ற சின்ன மேஃப்ளைகள் சிறகு முளைத்து மேலே வரும். குளிரில் சிறகு உலர நேரமாகும். அதுவரை அவை நீர்மேல் மிதந்தபடியே இருக்கும், டிரௌட்டும் மேலே வந்து அவற்றை எடுக்கும். காலையில் நான் தவறாகத் தேர்ந்த மிதக்கும் வகைக்கு அப்போதுதான் வேலை. 16 அல்லது 18 எண் முள் போதும். எண் கூடக் கூட முள் சிறியதாகும், கடலூர் துறைமுகத்தில் முள் வாங்கிப் பழகியவர்களுக்கு இது தெரிந்ததே. வெயில் நாளில் மலைப்பனி உருகிப் பிற்பகலில் நீர் கலங்கி வந்தால், மீன் கண்ணில் படும்படி பெரிதாக, கறுப்பாக ஒன்றை அடியில் விட வேண்டும்.

ஸ்டோன்ஃப்ளை மட்டும் விதிவிலக்கு. அது நீர்நடுவில் சிறகு முளைக்காது, கரைக்கல்லில் ஏறித்தான் தோலுரிக்கும். அதனால் அதன் இளம்பருவப் பொய்ப்பூச்சியைக் கரையோரமாக விடுவார்கள். நேர்காணலில் என்னிடம் கேட்ட கேள்விகளில் இதுவும் ஒன்று.

வகைப்பாட்டுக்கு ஒரு வரி: வானவில் டிரௌட் 1989இல் சால்மோ பேரினத்திலிருந்து ஆன்கோரின்கஸுக்கு மாற்றப்பட்டது, பழுப்பு டிரௌட் சால்மோவிலேயே இருக்கிறது. பழைய நோட்ஸ் வைத்திருப்பவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியில் டிரௌட் இல்லையே, மாதிரிக்கு எங்கே போவது என்று நானும் தயங்கினேன். அலங்கார மீன் கடையில் உறைந்த சிவப்புப் புழுக் கட்டி விற்பார்கள். அது கைரோனோமிட் புழு, ஈயும் கொசுவும் சேர்ந்த டிப்டெரா வரிசை. ஹீமோகுளோபின் இருப்பதால்தான் சிவப்பு. குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் டிரௌட்டுக்குக் கிடைக்கும் முக்கியமான சிறு இரைகளில் இந்தக் குடும்பமும் ஒன்று. ஒரு கட்டியைக் கரைத்து நுண்ணோக்கியில் வைத்தால் முன்னும் பின்னும் உள்ள போலிக்கால்கள் தெரியும்.

மேஃப்ளை இன்னும் சுலபம். மழைக்குப் பின் ஈசல் வருவதுபோல, ஏரிப் பக்கத்து வீடுகளில் இரவில் ட்யூப் லைட்டுக்கு இரட்டை வால் மேஃப்ளைகள் வரும். சிறகு மங்கலாக, பால் படிந்தது போலிருந்தால் அது முன் முதிர்பருவம். தொடாமல் விட்டுவிடுங்கள். காலையில் அதே சுவரில் வெறும் தோல் ஒட்டியிருக்கும், பூச்சியின் சிறகு கண்ணாடி போலாகியிருக்கும். சிறகு முளைத்த பிறகும் ஒருமுறை தோலுரிப்பது பூச்சிகளில் மேஃப்ளை வரிசை மட்டும்தான். நான் அந்தத் தோலை ரெக்கார்டில் ஒட்டி எடுத்துப் போனேன். நேர்காணல் குழுவில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.